போயிட்டு வரேன்: கிளம்பும் முன் ஐந்து நாள்

நாள் 1, திங்கள், கும்பகோணம்

கும்பகோணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஐந்தரை. ஏழு மணிக்கு முன்னால் வீட்டுப் பக்கம் வராதே என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பொழுதைப் போக்கச் சாரங்கபாணி சன்னதித் தெருவுக்கு நடந்தேன். ராமானுஜன் வீடு பூட்டியிருந்தது. கணித மேதை பிறந்த மண்ணில் பல்கூடத் தேய்க்காமல் நிற்கிறோமே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு விமானம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வருட முதுகலை. குடிநீர், சுகாதாரப் பொறியியல். செவனிங் உதவித்தொகையில் போகிறேன். பிரிட்டிஷ் அரசின் வெளியுறவுத் துறை 1983 முதல் கொடுத்துவரும் உதவித்தொகை இது. படிப்புக் கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்துவிட்டு இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கிளம்புவதற்குள் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டேன். போட்ட பிறகுதான் அதில் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தையை ஆண்டு விழா மேடைக்கும் கடிதத்தின் கடைசி வரிக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நேருக்கு நேர் உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது?

பட்டியலில் முதல் பெயர் சாருடையது. பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நடத்தியவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. அவர் கணக்கு நோட்டில் பெருக்கல் குறி போட்டு அடிக்கவே மாட்டார். தப்பு எந்த வரியில் தொடங்குகிறதோ, அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் 'எங்கே?' என்று எழுதுவார். அவ்வளவுதான். விடை தப்பா, வழி தப்பா, கூட்டலில் கோட்டை விட்டோமா, நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் இரண்டு நாள் ஆகும். சரியான விடைக்கு அவர் எதுவும் எழுதியதில்லை.

செவனிங் விண்ணப்பத்தில் நான்கு கட்டுரை எழுத வேண்டும். முதல் வருடம் நான் எழுதியவை, இப்போது படித்தால் எனக்கே புல்லரிக்கிறது. தலைமைப் பண்பு, தொலைநோக்கு, சமூக மாற்றம். நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இரண்டாவது முறை எழுதத் தொடங்கும்போது அந்தப் பழைய கட்டுரைகளை அச்செடுத்துச் சாருக்குத் தபாலில் அனுப்பினேன். ஏன் அவருக்கு அனுப்பினேன் என்று இன்னும் தெரியவில்லை. செவனிங் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை.

பத்து நாளில் கட்டு திரும்பி வந்தது. 'கிராம மக்களைக் கொண்ட குழுவை வழிநடத்தினேன்' என்ற வரிக்கு நேராகப் பென்சிலில்: எங்கே? 'பெரும் மாற்றத்தை ஏற்படுத்தினேன்': எங்கே? நான்கு கட்டுரையில் மொத்தம் 17 எங்கே.

உட்கார்ந்து யோசித்தேன். எங்கே? ஒரு ஊராட்சியில், ஒரு மேல்நிலைத் தொட்டியின் கீழே. அந்தத் தொட்டித் தண்ணீரில் குளோரின் போடுவார்கள். ஆனால் கடைசிக் குழாய்க்குப் போய்ச் சேரும்போது அது இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். அந்தத் தெருவின் மூன்று அக்காக்களுக்கு, தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனையைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் தினமும் பார்த்துச் சுவரில் எழுதினார்கள். பதினோராவது நாள் கடைசிக் குழாயில் நிறமே வரவில்லை. அவர்களே போய்த் தொட்டி ஆபரேட்டரைப் பிடித்துவிட்டார்கள். நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. இதைத்தான் இரண்டாவது முறை எழுதினேன்.

ஏழு மணிக்குச் சார் வீட்டில் இதை ஒழுங்காகச் சொல்லி நன்றி சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, வீட்டைத் திறந்திருப்பாங்க."

வீடு என்றால் ராமானுஜன் வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிச் சீர்செய்து, 2003 டிசம்பரில் அப்துல் கலாம் திறந்துவைத்த நினைவில்லம். தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் பக்கத்தில் ஒரு கட்டில். பார்க்க அதிகம் எதுவும் இல்லை, அதுவே நன்றாக இருக்கிறது. சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "1904-ல இந்த ஊர் காலேஜ்ல அவனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சது. கணக்கைத் தவிர வேற எதையும் படிக்கல, அதுவும் போச்சு. வீட்டை விட்டு விசாகப்பட்டினம் ஓடிட்டான். நீ முதல் தடவை கிடைக்கலன்னு போன்ல அழுதியே, அப்ப இதைச் சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம், நீ என்ன ராமானுஜனான்னு விட்டுட்டேன்."

அவரிடம் நன்றி சொன்னேனா என்று கேட்டால், இல்லை.

நாள் 2, செவ்வாய், திருச்சி

காலையிலேயே சார் போன். "ஈரோட்டுல பிறந்தவனைக் கும்பகோணத்துல பிறக்க வச்சுட்டியே." நேற்று எழுதியதைப் படித்திருக்கிறார். அவர் சொல்வது சரி: 1887 டிசம்பர் 22, ஈரோடு, தாய்வழித் தாத்தா பாட்டி இருந்த ஊர். வளர்ந்ததுதான் கும்பகோணம். நேற்றையதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு 'எங்கே?' போட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சியில் என் கல்லூரிப் பேராசிரியர் இருக்கிறார். மேடம் என்றே எழுதுகிறேன். செவனிங்குக்கு இரண்டு பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். ஒன்று அவர் கொடுத்தது. கடைசி நாள் இரவு, உறவினர் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து போனிலேயே எழுதி அனுப்பினார். பின்னால் நாதஸ்வரம் கேட்க "அட்டாச்மென்ட் போயிடுச்சான்னு பாரு" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று இன்று கேட்டேன். முடியாது என்றார். "அதுல உன் குறை ஒண்ணும் எழுதியிருக்கேன். குறையே எழுதாத லெட்டரை யாரும் நம்ப மாட்டாங்க." என்ன குறை என்பதையும் சொல்லவில்லை. லீட்ஸில் ஒரு வருடமும் இதை யோசித்துக்கொண்டிருப்பேன்.

மேடத்திடம் சாரின் ராமானுஜன் கதையைச் சொன்னபோது அவர் திருக்கோவிலூருக்குப் போய்விட்டார். 1910-ல் வேலை கேட்டு அங்கே போகிறார் ராமானுஜன். டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர், மூன்று வருடம் முன்புதான் கணிதச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தவர். நோட்டைப் பார்த்தார். வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் இந்த ஆளைப் போட்டு அமுக்க மனம் வராமல், வேலைக்குப் பதில் அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். "கடிதம் எழுதுறவங்க யாருக்கும் அந்தக் கணக்கு முழுசாப் புரியல பாரு. புரியாததை நம்பி எழுதுறதுக்குத் தைரியம் வேணும்" என்றார் மேடம். இது ராமசாமி ஐயரைப் பற்றியா அவரைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

எல்லாரும் இப்படி இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். பல்கலைக்கழகமும் அனுபவச் சான்றிதழ் கேட்டது. நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் அந்த ஒரு பக்கத் தாளுக்கு ஏழு வாரம் அலையவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் நான் வேலையை விட்டதில் கோபமாக இருந்தார். கடைசியில் அங்கிருந்த அலுவலக உதவியாளர் அண்ணன், தாளை வேறு கோப்புகளுக்கு நடுவில் செருகி, மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிட்டார். என் பட்டியலில் அவரும் இருக்கிறார். போனில் கூப்பிட்டேன். "எந்த சர்டிபிகேட்டும்மா?" என்றார். மாதத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறாரோ.

நாள் 3, புதன், வீடு

இன்று எழுத அதிகம் நேரமில்லை. ராத்திரி சென்னை ரயில். பெட்டி திறந்து கிடக்கிறது. அம்மா வைப்பதை நான் எடுக்கிறேன், நான் எடுத்ததை அம்மா வேறு மூலையில் வைக்கிறார்.

தம்பியைப் பற்றி மட்டும். என் பொறியியல் படிப்புக்கு வாங்கிய கல்விக் கடன் இன்னும் முடியவில்லை. செவனிங் மாதச் செலவுக்குத்தான் பணம் தரும், பழைய கடனுக்குத் தராது, தரவும் கூடாது. இந்த ஒரு வருடத் தவணையை எப்படிச் சமாளிப்பது என்று மூன்று மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடன் என் பெயரில் இருப்பதால் வங்கிக் குறுஞ்செய்தி என் போனுக்குத்தான் வரும். ஜூலையில் ஒரு நாள், நான் கட்டாத தவணை கட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. ஏதோ தவறு என்று நினைத்தேன். ஆகஸ்டிலும் அதே தேதியில் வந்தது. செப்டம்பரில் வந்தபோதுதான் தம்பி முகத்தைப் பார்த்தேன்.

"ஜூன்லயே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுட்டேன்கா. மெசேஜ் உனக்கு வரும்ங்கறதை மறந்துட்டேன்" என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அழுகை வந்தது. அவன் பயந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

அம்மாவிடம் நேற்றிரவு முழுப் பட்டியலையும் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தார். அவர் பெயர் வந்ததும், "என்னடி, திரும்பி வராதவ மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் கணக்கு முடிக்கற?" என்றார். அப்போதுதான் அந்த இரண்டு வருட நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன். படிப்பு முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கமே எழுதி வாங்கியிருக்கிறது. அம்மாவுக்கு அதைத் தமிழில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. உதவித்தொகை கிடைத்த அன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு மகிழ்ச்சியைப் பார்த்ததில்லை. "கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றார். போட்டாச்சும்மா.

விமான நிலையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். "உள்ள விட மாட்டாங்க. கண்ணாடியைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?"

நாள் 4, வியாழன், சென்னை

இதை எழுதுவதா வேண்டாமா என்று தோழியிடமே கேட்டேன். "எழுது, என் பெயரைப் போடாதே" என்றாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். இருவருக்கும் நேர்காணல் வந்தது. ஆறு வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு வீடியோவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டோம். அவள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வாள். நான் இரண்டு நிமிடம் பேசுவதை அவள் மூன்று வாக்கியத்தில் முடிப்பாள். முடிவு வந்த அன்று எனக்குக் கிடைத்தது, அவளுக்கு இல்லை. என்னுடையதை அவளிடம் சொல்ல எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. அதற்குள் அவளே கூப்பிட்டு, "ஏண்டி ஒளியுற?" என்றாள். டி.பி. எக்ஸ்ரேக்கும் விசா மையத்துக்கும் கூட வந்தவளும் அவள்தான். ரெண்டாவது இடத்தில் என் ஃபைலை அவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அங்கிருந்தவர் அவளைத்தான் விண்ணப்பதாரர் என்று கூப்பிட்டார். இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம் என்று சொல்ல முடியாது.

இன்று காலை அவள் என்னை ராயபுரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சின்ன ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. பி.கே. சீனிவாசன் என்ற பள்ளிக் கணக்கு ஆசிரியரின் முயற்சியால் வந்தது. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தபடியே, ராமானுஜனைத் தெரிந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, கடிதங்களையும் நினைவுகளையும் வாங்கி 1968-ல் தொகுத்தவர் அவர். சார் இன்னும் இந்த இடத்தைப் பார்த்ததில்லை. படம் எடுத்து அனுப்பினேன்.

1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ராமானுஜன் எழுதிய கடிதத்தைப் பற்றி அங்கே பேசிக்கொண்டிருந்தோம். ஊர் திரும்பிய பிறகு வருடம் 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அவ்வளவு எனக்குத் தேவைப்படாது, பெற்றோருக்கு 50 பவுண்டு போகட்டும், என் செலவு போக மிச்சத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறையுங்கள், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குங்கள் என்று எழுதினார். உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது எழுதியது. அடுத்த வருடம் ஏப்ரல் 26 அன்று போய்விட்டார், 32 வயதில்.

"ஜானகிக்கு?" என்றாள் தோழி.

ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் அதற்குப் பிறகு 74 வருடம் இருந்தார். திருவல்லிக்கேணியில், தையல் வேலை செய்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று வயதான காலத்தில் ஒரு பேட்டியில் கேட்டிருக்கிறார். அது வெளிநாட்டுக் கணிதக்காரர்கள் காதுக்கு எட்டி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டு, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள். சிலை அவர் கைக்கு வந்தபோது 1980-கள் ஆகிவிட்டன. எங்கே என்று அவரும்தான் கேட்டிருக்கிறார்.

மத்தியானம் ராஜாஜி சாலை வழியாகத் திரும்பினோம். துறைமுகத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். மதிலுக்கு மேல் கிரேன்கள் மட்டும் தெரிந்தன. 1912 மார்ச்சில் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் இங்கேதான் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து 1914 மார்ச் 17 அன்று இங்கேயிருந்துதான் நெவாசா கப்பல் ஏறினார். அதற்குச் சில நாள் முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். அப்புறம்தான் குடுமியை எடுத்துக் கிராப் வைத்தது. அவர்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்று. எங்கள் அம்மா வராததற்குக் கண்ணாடி மட்டும்தான் காரணமா என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

தோழிக்கு நான் என்ன சொல்ல முடியும்? நன்றி என்றால் அவள் தோற்றதை நான் கொண்டாடுவதுபோல் இருக்கிறது. சொல்லாவிட்டால் அந்த ஆறு வார ராத்திரிகள் எங்கே போயின? அறைக்கு வந்ததும் கேட்டேன்: அடுத்த வருடம் திரும்பப் போடுவாயா? "ஆகஸ்ட்லயே திறக்கும். நீ அங்க நடுராத்திரி முழிச்சிருந்து எனக்குக் கேள்வி கேக்கணும்" என்றாள். நேர வித்தியாசத்தில் எனக்கு அது சாயங்காலம்தான் என்று சொல்லியும் நம்பவில்லை.

நாள் 5, வெள்ளி, மீனம்பாக்கம்

புறப்பாட்டு வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடாததால் எல்லாக் குடும்பமும் இங்கேதான் நிற்கிறது. ஒரு பாட்டி தூங்கும் குழந்தையை யாரிடமும் தர மறுக்கிறார்.

தோழி பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு கொண்டு வந்திருக்கிறாள். என் டிக்கெட்டுக்கு 23 கிலோ. காட்டியது 23.6. "அடியில என்ன வச்சிருக்க?" என்றாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல். சாரின் பென்சில் போட்ட பழைய கட்டுரைகள், நான் இரண்டாவது முறை எழுதியவற்றின் வரைவுகள் எல்லாம். லீட்ஸுக்கு அவை எதற்கு என்று எனக்கே தெரியாது. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"இதை ஏன் இத்தனை நாள் என்கிட்ட காட்டல?"

வெட்கமாக இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். பதினேழு எங்கே வாங்கியதை யாரிடம் காட்டுவது?

நடைபாதையிலேயே பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தோம். அம்மா எந்த மூலையில் எதை வைத்திருந்தாரோ, எல்லாம் வெளியே வந்தது. காவலர் வந்து ஓரமாகப் போங்கள் என்றார். இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனோம். ஃபைலை உருவி அவள் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு பக்கம் படித்துவிட்டாள். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தாள், எந்த இடம் என்று காட்ட மாட்டேன் என்றாள். ஜிப்பை மூட இரண்டு பேரும் பெட்டி மேல் உட்கார வேண்டியிருந்தது.

திரும்பத் தூக்கினோம். 23.1.

"விட்டுடுவாங்க" என்றாள். "போ."

போயிட்டு வரேன் என்றேன்.